ஊமையாகிப்போன பேசும் படத்தில் உளவாளி யார்?

எங்கள் பக்கத்துக் கூத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ராசா வந்தாலும் சரி, ராசாவின் தலையை வாங்க வந்தவன் வந்தாலும் சரி, ஆடுகிற களரிக்குள் கால் வைத்ததும் வரவுப் பாட்டுக்கு ஆடி, தான் இன்னார், இன்ன காரியமாக வந்தேன் என்று சொல்லிவிட வேண்டும். பார்க்கிறவனுக்குக் குழப்பம் இல்லை. விடியும்வரை இருந்து பார்க்கிற சனத்தை, யார் எவன் என்று யோசிக்க வைத்து வேறு களைக்க வைப்பது பாவம் அல்லவா? அந்த முறைப்படியே நானும் தொடங்குகிறேன். இந்தக் கதையில் உளவாளி, கச்சான் என்கிற நிலக்கடலை விற்ற அக்கா. உளவு பார்க்கப்பட்டவன் நான். நடுவில் குடையோடு ஒருவர் வருவார். அவர் யார் என்பது எனக்கே கடைசியில்தான் தெரிந்தது. ஆகையால் அவருடைய வரவை அந்த இடத்திலேயே வைக்கிறேன்.

யுத்த காலம். நான் நாவற்குடாவில் வாயை வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். திருகோணமலையில் குண்டு விழுந்த பிறகு பொழுதுபட்டால் விளக்குக் கொளுத்தக் கூடாது என்று உத்தரவு. கூடாரம் அடித்து இரவில் படம் ஓட்டிக்கொண்டிருந்த என் முதலாளிக்கு அது பெரிய இடி. காத்தான்குடிக்காரர், துணி வியாபாரத்தில் சம்பாதித்ததைப் படத்தில் தொலைப்பதென்று உறுதி பூண்டவர். அவ்வளவு லேசில் விடுவாரா? பெரிய வயற்காரரான ஒரு போடியாருடைய நெல்லுக் களஞ்சியம் வெறுமையாகக் கிடந்தது. அதை வாடகைக்கு எடுத்தார். யன்னல் இல்லாத கட்டடம். பலகை இடுக்குகளைச் சாக்கால் அடைத்தால் நடுப்பகலிலும் உள்ளே இருட்டு. மேலே தகரம். மத்தியானக் காட்சிக்கு உள்ளே போனவன் அரைப் பதத்தில் அவிந்து வெளியே வருவான். நெல்லுத் தூசி வேறு. படத்தில் துப்பாக்கி வெடிக்கிற இடத்தில் எல்லாம் சபையில் தும்மல் வெடிக்கும்.

படம் ஓர் இங்கிலீசுப் படம். பேசும் படம்தான். ஆனால் வந்து கொஞ்ச நாளில் சத்தப் பெட்டி பழுதாகிவிட்டது. அதற்குச் சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டும். அடுத்த படப்பெட்டியும் கொழும்பிலிருந்துதான் வர வேண்டும். யுத்தம் என்பதால் இரண்டும் வரவில்லை. ஆகவே வாயை மட்டும் அசைக்கிற அந்த ஒரே படத்தை, மாசக்கணக்கில், கிழமைக்கு ஆறு நாளும் ஓட்டினோம். வாயசைக்கிற அத்தனை பேருக்கும் சேர்த்துப் பேசுவது என் வேலை. கையில் ஒரு தகரக் குழல். திரைக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி. அதன் மேல் நான்.

என் தகுதியையும் சொல்ல வேண்டும். மிஷன் பள்ளியில் இங்கிலீசு படித்தேன்; தோற்கிற வகுப்புவரை படித்தேன். கூத்தில் கட்டியகாரனாக ஆடிய அனுபவமும் உண்டு. குரல் நல்லது, கால்தான் மத்தளத்துக்கு ஒரு வீடு தள்ளிப் போகிறது என்று கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் என்னை இறக்கிவிட்டார். பெட்டியின் மேல் நின்று பேசுகிற வேலையில் காலுக்கு அலுவல் இல்லை. அதனால் தப்பினேன்.

படத்தின் கதை இதுதான். பனிப்புகார் மூடிய ஒரு பெரிய பட்டணம். அங்கே தனியாக ஒருவன். அவனுடைய கோட்டுப் பையில் யாரோ ஆள் மாறி ஒரு பொட்டலத்தைப் போட்டுவிடுகிறார்கள். அன்று தொடக்கம் எல்லோரும் அவனையே பார்ப்பது போல அவனுக்கு இருக்கிறது. வாடகை வீட்டுக்காரி பார்க்கிறாள். டாக்குத்தர் பார்க்கிறார். தோணிக்காரன் பார்க்கிறான். குடை பிடித்த ஒருவன் தெரு மூலையில் நின்று யன்னலையே பார்க்கிறான். இவனுக்கு ஆறுதல் சொல்கிற ஒரே ஆள், வயதான தாயோடு இருக்கிற அவனுடைய சிநேகிதன். கடைசியில் ரெயில் நிலையத்தில் பார்த்தால், அந்தச் சிநேகிதன்தான் உளவாளி. இவ்வளவுதான். எழுதினால் ஐந்து நிமிசத்துக் கதை. இதற்காக எங்கள் சனம் என்னைப் படுத்திய பாட்டை நினைத்தால் இப்போதும் உட்கார்ந்து மூச்சு விட வேண்டியிருக்கிறது.

படம் முடிந்ததும் ஒருவரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள். களஞ்சியத்து வாசலில் என்னைப் பிடித்துக்கொள்வார்கள், நான்தான் அந்தப் படத்தை எடுத்தவன் என்பது போல.

வயல் வட்டையிலிருந்து வேளாண்மை வேலையை விட்டு வந்த ஒருவர் கேட்டார்: "இப்படியும் ஒரு ஊரு இரிக்குமாகா? ஒருத்தனுக்கும் வேல இல்ல. ஒருத்தனுக்குப் பின்னால ஒருத்தன் போறதே வேல. அங்க ஆரு நெல்லு வெட்டுற, ஆரு சூடடிக்கிற?"

மீன்பிடிகாரர்களுக்குத் தோணிக்காரன் மேல்தான் கோபம். "அவன் வலிக்கிற வலிப்பப் பாத்தியா? இந்த வலிப்பில சேதி கொண்டு வேற நாட்டுக்குப் போகப் போறானாம். இந்தா கிடக்கிற கல்லடிக்கும் போய்ச் சேரமாட்டான்."

காத்தான்குடி நெசவுகாரர் ஒருவர் திரையின் கிட்டப் போய் நின்று ஒவ்வொரு நாளும் கதாநாயகனுடைய கோட்டுத் துணியையே பார்ப்பார். "உள்பக்கத்த வெளியால திருப்பிப் போடுறான் தம்பி, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கிடக்கு. இதை நெய்தவன்தான் பெரிய கள்ளன். அவன ஏன் காட்டல்ல?"

பெண்களுக்குச் சாக்குத் தட்டிக்கு அந்தப் பக்கம் இடம். அங்கிருந்து வந்த அபிப்பிராயம் வேறு. "போற வீட்டில எல்லாம் தேத்தண்ணி ஊத்திக் குடுக்காங்க. ஒரு வாய் குடிக்கானா? குடிக்காம எழும்பிப் போறான். ஊத்தின தேத்தண்ணியக் குடிக்காதவன் நல்லவனா? அவன்தான் கள்ளன்." அவர்கள் சொன்னது கதாநாயகனை.

இதைவிட மோசமானது தாய் வழக்கு. எங்கள் பக்கம் குடி, அதாவது குலம், தாய்வழியில் வருவது. தாய் யார் என்று தெரிந்தால் ஆளின் குடி தெரியும். குடி தெரிந்தால் கோயிலில் அவனுக்கு எந்த இடம், எந்த வீட்டில் அவன் பெண் கேட்கலாம் என்பதெல்லாம் தெரியும். இந்தப் படத்திலோ தாயோடு காட்டப்படுகிற ஒரே ஆள் அந்தச் சிநேகிதன்தான். அவளுக்குக் கம்பளி போர்த்துகிறான், கை பிடித்துக் கதிரையில் இருத்துகிறான். அவனைப் போய் உளவாளி என்றால் சபை ஏற்குமா?

"தாயை வைச்சுப் பாக்கிற புள்ளையாகா கள்ளன்? மத்தவனுக்கு ஒரு தாய் உண்டா, தங்கச்சி உண்டா? எந்தக் குடியெண்டே தெரியாத ஒருத்தன் ஊருக்குள்ள திரியிறான், அவன விட்டுட்டு நீ ஆரப் பிடிக்காய்?"

"நான் பிடிக்கல்ல. படம் எடுத்த வெள்ளக்காரன் பிடிக்கான்" என்பேன்.

"அவனுக்கென்ன தெரியும்?" என்பார்கள்.

இந்த நிலையில், என்னைக் கூத்திலிருந்து இறக்கிவிட்ட அதே அண்ணாவியார் ஒரு நாள் படம் பார்க்க வந்தார். முடிந்ததும் தோளில் கிடந்த துண்டை உதறினார். "இத்தின பேர் வந்து போறாங்க மனே, ஒருத்தனுக்கும் வரவு இல்ல. இது கூத்தில்ல, சந்தை. வரவு வை." முதலாளிக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. அடுத்த நாளே நான் ஒவ்வொருவருக்கும் வரவு வைத்தேன். கதாநாயகன் வந்தான், வரவு. வீட்டுக்காரி வந்தாள், வரவு. சிநேகிதன் வந்தபோது, "இந்தா வாறான், சிநேகிதன் வேசம் போட்ட கள்ளன்!" என்று குழலில் முழங்கினேன். உளவுப் படத்தில் உளவாளியை முதல் காட்சியிலேயே காட்டிக்கொடுத்த ஒரே மனிதன் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். சபை எழும்பி நின்று, "பொய்! பொய்!" என்று கத்தியது.

இதுவரை சொன்னது தொழில் கஷ்டம். இனி என் சொந்தக் கஷ்டம்.

எனக்குக் களுதாவளையில் ஒரு பெண் பேசியிருந்தார்கள். பேசியிருந்தார்கள் என்பது பாதி. மீதிப் பாதியை நானே முன்கூட்டிச் செய்திருந்தேன். அங்கே பிள்ளையார் கோயில் திருவிழாவுக்குப் போனபோது, எல்லோரும் பார்க்க, நனைந்த படியில் நான் விழுந்தேன். வேண்டுமென்றேதான் விழுந்தேன், அவள் அந்தப் பக்கம் நின்றாள், ஒரு பகிடியாக இருக்கட்டுமே என்று. எல்லோரும் உடனே சிரித்தார்கள். அவள் மட்டும் நான் எழும்பி, கை கால் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் வரை பொறுத்து நின்று, பிறகு சிரித்தாள். அந்தப் பொறுமையில் நான் முடிந்துபோனேன். அவளைக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் இந்த ஊமைப் படத்தோடேயே என் காலம் போய்விடும் என்று எனக்கு அன்றே தெரிந்துவிட்டது.

எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டில் போய் இருப்பார். வீடும் வளவும் பெண்ணுக்கு. ஆயுள் முழுக்க வீட்டுக்குள் இருக்கப் போகிற ஒருவனைப் பெண் பகுதியார் விசாரிக்காமல் விடுவார்களா? நேரே கேட்கமாட்டார்கள். யாராவது ஒருவரை விட்டு, அவன் குடிப்பானா, சூதாடுவானா, கோபக்காரனா, வாயில் வருவதெல்லாம் மெய்யா என்று சத்தமில்லாமல் பார்ப்பார்கள். என் அம்மான், அதாவது தாயின் தம்பி, வாழைச்சேனையிலிருந்து வந்து எச்சரித்தார்.

"பொண்ணு பகுதி ஆக்கள் விசாரிக்கத் தொடங்கிட்டாங்க. ஆள விட்டுப் பாக்காங்களாம். ஆரெண்டு தெரியா. நீ வாயப் பொத்திக்கொண்டு இரு."

"வாயப் பொத்தினா வேல போயிரும் அம்மான்."

"வேல போனாப் பொண்ணு போயிரும். வாயத் துறந்தாலும் பொண்ணு போயிரும். பாத்துச் செய்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார். இப்படி உதவி செய்கிறவர்கள் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் குடைக்காரர் வந்தார். நல்ல கோடை, வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இல்லை, ஆனால் கையில் கறுப்புக் குடை. பெண்ணுக்குத் தாய்மாமனாக இருக்கக்கூடிய வயது. கடைசி வாங்குப் பலகையில் தூணோரமாக இருப்பார். ஒருவரோடும் கதை இல்லை. குடையை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஊன்றி, பிடியில் இரண்டு கையையும் வைத்து, அதன் மேல் நாடியை வைத்துக்கொள்வார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். அந்தப் படத்தை அத்தனை தரம் பார்த்த எனக்கு வேறு சாட்சி வேண்டுமா? தெரு மூலையில் குடையோடு நிற்கிறவன் என்ன செய்வான் என்று நாள் முழுக்கச் சனத்துக்கு விளக்கிச் சொல்கிறவன் நான்.

அடுத்த நாள் அவருக்குச் சாய்வுள்ள கதிரை போடச் செய்தேன். இடையில் சோடா அனுப்பினேன். வாசலில் காத்து நின்று, "படம் எப்படிங்க?" என்று கேட்டேன்.

"நல்லம் மனே" என்றார். கொஞ்சம் யோசித்து, "நல்ல இருட்டு" என்றார்.

நல்ல இருட்டு! இப்படி ஓர் ஆழமான அபிப்பிராயத்தை அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. இவர் லேசுப்பட்ட ஆள் இல்லை.

அவர் இருந்த இடத்துக்கு மேலே தகரத்தில் ஓர் ஓட்டை. அதன் வழியாக வெயில் ஒரு தட்டளவுக்கு இறங்கி, அவருடைய மொட்டைத் தலையில் விழும். என் பெட்டியின் மேல் நின்று பார்த்தால் சபையில் தெரிகிற ஒரே பொருள் அந்தத் தலைதான். தலை முன்னால் சாய்ந்தால் மினுங்கும். பின்னால் போனால் அணைந்துவிடும். நான் படத்தைப் பார்ப்பதை விட்டு அந்தத் தலையைப் பார்க்கத் தொடங்கினேன். சிநேகிதன்தான் கள்ளன் என்று வரவு வைத்ததும் சபை கத்தும். தலை படாரென்று பின்னால் போகும். சரி, அவருக்குப் பிடிக்கவில்லை. தாயை மதிக்கிற குடும்பம் போலும். அடுத்த நாள் சிநேகிதனை விட்டுவிட்டு டாக்குத்தரைக் கள்ளனாக்கி வரவு வைத்தேன். சபை யோசனையோடு பேசாமல் இருந்தது. தலை மெல்ல முன்னால் சாய்ந்து, மினுங்கி, இன்னும் சாய்ந்தது. ஆகா, சம்மதம். அதற்கும் அடுத்த நாள் வீட்டுக்காரியைச் சொல்லிப் பார்த்தேன். அதற்கும் சாய்ந்தது. இன்னொரு நாள், பெண்களின் தேத்தண்ணி நியாயத்தை எடுத்து, கதாநாயகனையே கள்ளனாக்கினேன். சாய்ந்த தலை குடைப்பிடியில் முட்டியது. இவ்வளவு ஒப்புதலை என் வாழ்க்கையில் நான் கண்டதில்லை.

இதனால் ஊருக்குள் நடந்தது வேறு. செவ்வாய்க்கிழமை பார்த்தவனுக்கு டாக்குத்தர் கள்ளன். சனிக்கிழமை பார்த்தவனுக்கு வீட்டுக்காரி. இரண்டு பேரும் துறையடியில் சந்தித்தால் தோணி போகாது. "உனக்குக் கண் தெரியாது", "உனக்குக் காது கேளாது" என்று வாவிக்கரை முழுக்க வழக்கு. வெளியூர்களிலிருந்தும் வந்தார்கள், தங்களுடைய கள்ளன் எவன் என்று பார்த்துப் போக. முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

"என்ன தம்பி, தொண்டை போயிட்டா?"

"போயிட்டு முதலாளி. ஒரு நாள் லீவு தாங்க."

"தொண்டை போனா தண்ணி ஓதிக் குடிக்கலாம் தம்பி. சனம் போனா என்னத்தக் குடிக்கிற? ரெண்டாவது காட்சிக்கு ஏறுங்க."

ஏறினேன். எத்தனை பேருக்குப் பேசுவது? ஆண்குரல், பெண்குரல், தாய்க்கிழவியின் இருமல், ரெயில், மழை, நாய். சுருள் மாற்றுகிற இடைவேளையில் பக்கத்துக் கதவால் வெளியே வந்து, பூவரச மரத்தடியில் குந்துவேன். அங்கேதான் கச்சான் அக்கா சுளகோடு இருந்தாள். அவள் எப்போது வந்தாள் என்று நான் யோசித்ததில்லை. அம்மான் வந்து போன கிழமையாக இருக்கலாம். கச்சான் விற்கிறவள் எங்கிருந்து வருகிறாள், ஏன் வருகிறாள் என்று யார் கேட்பார்கள்? சூடாக ஒரு பிடி எடுத்துத் தருவாள்; நான் உடைத்துத் தின்றுகொண்டு புலம்புவேன்.

"உள்ள இண்டைக்கு ஆருகா தம்பி கள்ளன்?"

"இண்டைக்குத் தோணிக்காரன்."

"நேத்து அந்த டாக்குத்தர் எண்டு கத்தின?"

"நேத்து அவரு அதுக்குத்தான் தலை ஆட்டினவரு."

"ஆரு?"

"உனக்குத் தெரியாது அக்கா. உள்ள ஒரு ஆள் குடையோட இரிக்காரு. பொண்ணு பகுதி ஆள். என்னை விசாரிக்க வந்திரிக்காரு."

அவள் சுளகிலிருந்த கச்சானை ஒரு தரம் புடைத்தாள். "அப்படியா? நீ எப்படிக் கண்டுபிடிச்ச?"

"மாசக்கணக்கா இந்தப் படத்துக்குள்ள கிடக்கன். எனக்குத் தெரியாதா?"

"மெய்தான்" என்றாள். "அப்ப மெய்யான கள்ளன் ஆரு? எனக்குச் சொல்லன். நான் வெளிய இரிக்கிறவள்தானே, தலையா ஆட்டப் போறன்?"

சொன்னேன். சிநேகிதன்தான் என்று சொன்னேன். அந்தத் தாயைப் பார்த்தால் எனக்கும் மனது கேட்பதில்லை என்று சொன்னேன். என் இங்கிலீசு அரைகுறை என்பதையும், சத்தப் பெட்டி உயிரோடு இருந்த நாளில் படத்தில் பேசியதில் பாதி எனக்கு விளங்கவில்லை என்பதையும் சொன்னேன். குடைக்காரர் நாளைக்கும் வருவாரோ என்று பயமாகவும், வராவிட்டால் சம்பந்தம் போய்விட்டது என்று அர்த்தம் என்று அதைவிடப் பயமாகவும் இருக்கிறது என்று சொன்னேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துப் பொறுத்துச் சிரித்ததையும் சொன்னேன். களைத்த மனிதன் கச்சான் உடைக்கும்போது வாய்க்குப் பூட்டு ஏது?

"பொண்ணு எந்த ஊரு?" என்று கேட்டாள், பச்சைப் பிள்ளை மாதிரி.

"களுதாவளை."

"ஓ. தூரம்" என்றாள்.

நெல்லு வெட்டும் சூடடிப்பும் முடிந்து எல்லோருக்கும் கை ஓய்ந்திருந்த ஒரு நாள் வந்தது. அன்று களஞ்சியத்தில் மூச்சு விட இடமில்லை. செவ்வாய்க்கிழமைக்காரரும் சனிக்கிழமைக்காரரும் ஒரே காட்சியில். தேத்தண்ணிக் கட்சி தட்டிக்கு அந்தப் பக்கம். முன்வரிசையில் அண்ணாவியார். கடைசியில், தட்டளவு வெயிலின் கீழே, குடை. காட்சி தொடங்க முன்னரே சபை கூப்பிட்டது: "டாக்குத்தர வை!" "வீட்டுக்காரிய வை!" நான் ஒருவரையும் கள்ளனாக்கி வரவு வைக்காமல், கடைசியில் சொல்கிறேன் என்று தப்பி ஓட்டினேன். அது அன்றைக்கு இரண்டாவது காட்சி. தொண்டையில் குரல் இல்லை; தகரக் குழல்தான் ஏதோ தன் பாட்டில் கரகரத்தது.

கடைசிச் சுருள். ரெயில் நிலையம். புகாருக்குள் எல்லோரும் நிற்கிறார்கள். சபை அடங்கிவிட்டது. நான் குழலை வாயில் வைத்து, தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தேன். தலை தெரிந்தது, மினுங்கியது, ஆனால் அசையவில்லை. நான் பேசாமல் நின்றேன். இயந்திரம் சுற்றுகிற சத்தம் மட்டும். அந்த அமைதிக்குள், கடைசி வரிசையிலிருந்து, நீளமாக, இழுத்து, ஒரு குறட்டை வந்தது. ஓய்ந்தது. மறுபடியும் வந்தது.

முதலில் சிரித்தது பெண்கள் பக்கம். பிறகு எல்லோரும். அந்தச் சிரிப்பில் தலை படாரென்று பின்னால் போனது. இத்தனை நாளாக நான் அஞ்சி நடந்த, வேண்டாம் என்று சொன்ன, அதே தலையசைப்பு. சத்தம் கேட்டு முழித்திருக்கிறார். அவ்வளவுதான்.

அந்த இடத்தில் எனக்குள் என்னவோ கழன்று விழுந்தது. கோபம்கூட வரவில்லை, கோபத்துக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். குழலைக் கீழே வைத்தேன்.

"அந்தத் தாயோட இரிக்கிறவன்தான்" என்றேன், குழல் இல்லாமல், எனக்கு மிச்சமிருந்த குரலில். "முதல்ல இருந்து அவன்தான். டாக்குத்தர் இல்ல, வீட்டுக்காரி இல்ல. படம் எடுத்தவன் அப்படித்தான் எடுத்திரிக்கான். ஏனெண்டு எனக்குத் தெரியா. எனக்கு ஏலாது. களைச்சுப் போனன்."

ஏதாவது பறந்து வரும் என்று நின்றேன். ஒன்றும் வரவில்லை. திரையில் சிநேகிதனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் ஒன்றும் சொல்லாததால் சபை முதல் தடவையாகப் படத்தைப் பார்த்தது என்று நினைக்கிறேன். தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல், "அப்ப அந்தத் தாய்?" என்று கேட்டது.

"என்ன தாய்?"

"அவள ஆரு இனிப் பாக்கிற?"

அதைப் படத்தில் காட்டவில்லை. அவளைக் கதிரையில் இருத்திவிட்டு அவன் வெளியே போனதோடு அவள் முடிந்துவிடுகிறாள். அத்தனை தரம் அவளுக்காக இருமிய எனக்கு அது ஒரு நாளும் தோன்றவில்லை. அன்று வாசலில் கள்ளன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் அந்தக் கிழவியைப் பற்றியே கதைத்துக்கொண்டு போனார்கள். "வீட்டுக்காரி கூட்டிக்கொண்டு போய் வைச்சிருப்பாள். அவள் நல்லவள்" என்றார், நேற்றுவரை வீட்டுக்காரியைத் தூக்கில் போடச் சொன்ன ஒரு சனிக்கிழமைக்காரர். அண்ணாவியார் போகும்போது என் தோளில் தட்டினார். "கடைசி வரவு நல்லா இருந்துது மனே" என்றார். அவரிடமிருந்து நான் வாங்கிய ஒரே பாராட்டு அது. நின்ற இடத்தில் நின்று வாங்கியது.

குடைக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். "முடிஞ்சுதா மனே?"

"நீங்க ஆரு?" என்று கேட்டேன். கேட்க வேண்டியதை இவ்வளவு நாளுக்குப் பிறகாவது கேட்டேனே.

கல்லடிப் பாலத்தில் இராக் காவல் நிற்கிறவராம். யுத்தம் வந்த பிறகு போட்ட வேலை. பகலில் வீட்டில் பேரப்பிள்ளைகள் படுக்க விடுவதில்லை. வெளியே வெயில்; அதற்குத்தான் குடை. "இஞ்சதான் மனே நல்ல இருட்டு. உன்ட குரலும் ஒரு தாலாட்டு மாதிரி. கத்தினாத்தான் முழிப்பு வருது. இடைக்கிட சோடா வேற குடுக்காய். புண்ணியமாப் போகும்" என்றார். படம் எப்படி என்று கேட்டேன். "இன்னும் பாக்கல்ல" என்றார்.

பூவரசடியில் அக்கா சுளகைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். விற்காத கச்சானைச் சீலைத்தலைப்பில் முடிந்திருந்தாள்.

"நாளைக்கு வரமாட்டன் தம்பி" என்றாள்.

"ஏன்? வியாபாரம் நல்லாத்தானே போகுது?"

"வந்த வேல முடிஞ்சுது. களுதாவளைக்குக் கடைசி வண்டி போகப் போகுது." முடிச்சை இடுப்பில் செருகினாள். "அந்தப் புள்ளைட தாய்க்கு நான் அக்கா."

எனக்கு வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை. அன்றைக்கு அங்கே ஊமையாகிப்போன இரண்டாவது பேசும் படம் நான்.

"நீயா அக்கா..."

"ஓம். என்னைக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனே. நீ எங்க கேட்ட? நீதானே கதைச்சுக்கொண்டே இருந்த." இரண்டடி போய்க் கிறுகிப் பார்த்தாள். "அக்கா எண்டு கூப்பிடாத. மாமி எண்டு கூப்பிடு."

அந்தச் சொல்லில் இருந்த சம்மதம் எனக்கு விளங்கவே அரை நாள் பிடித்தது. அவ்வளவு களைப்பு.

கலியாணம் நடந்தது. படப்பெட்டி அதற்குப் பிறகும் வரவில்லை. முதலாளி மறுபடியும் துணிக்கே போனார். நான் களுதாவளைக்கு வந்து, மனைவியின் வளவில் இருந்துகொண்டேன். என்னைப் பற்றி மாமி என்னதான் சொல்லி வைத்தாள் என்று கன காலமாக மனைவியிடம் கேட்டுப் பார்த்தேன். சொல்லமாட்டாள். நாலு பிள்ளைகளுக்குப் பிறகு ஒரு நாள் சொன்னாள். மாமி கொண்டுபோன விசாரிப்பு இவ்வளவுதானாம்: "குடிக்க மாட்டான். சூது இல்ல. குடை பிடிச்ச ஆரக் கண்டாலும் பயந்து பொய் சொல்லுவான். ஆனா களைச்சுப் போனா அவனுக்குப் பொய் வராது. குடுங்க. சும்மா மட்டும் இருக்க விடாதீங்க."

அன்றிலிருந்து இன்றுவரை அந்த வீட்டில் நான் சும்மா இருந்ததில்லை. கிணறு இறைத்தால் வேலி, வேலி முடிந்தால் கூரை, கூரை முடிந்தால் தேங்காய். பொழுது சாய்ந்து, நான் நிமிரமுடியாமல் வந்து இருக்கும்போது, மனைவி தேத்தண்ணியை ஊற்றித் தந்துவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்பாள். நானும் குடித்துக்கொண்டு உள்ளதைச் சொல்வேன்.

இதையும் வேலிக்கு மட்டை கட்டிவிட்டு வந்துதான் எழுதி முடிக்கிறேன். களைத்துப்போயிருக்கிறேன். ஆகவே மேலே ஓரிடத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. கோயில் படியில் நான் வேண்டுமென்றே விழுந்தேன் என்று எழுதினேன் அல்லவா? அவளிடமும் இத்தனை வருசமாக அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். இல்லை. வழுக்கித்தான் விழுந்தேன்.